கொஞ்சம் ப்ளூஸியா வேணும்

ரெக்கார்டிங்கில் கிட்டார் வாசித்துப் பிழைப்பவனுக்கு வரும் உத்தரவுகள் பெரும்பாலும் நோட்டேஷனில் வருவதில்லை. "கொஞ்சம் கரடுமுரடா", "கொஞ்சம் மிதக்கற மாதிரி", "மழை விட்டப்புறம் வர்ற வாசனை மாதிரி" என்றுதான் வரும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஏதாவது வாசித்துக் காட்டுவோம், அவர்களும் ஏதாவதொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த வரிசையில் நான் மிகவும் மதிக்கும் உத்தரவு ஒன்று உண்டு. "ப்ரோ, இந்த இடத்துல கொஞ்சம் ப்ளூஸியா வேணும்." மூத்த இசையமைப்பாளராக இருந்தால் 'ப்ரோ' போய் 'தம்பி' வரும். மற்றதெல்லாம் அதேதான்.

கேட்பவர்கள் எல்லாரும் ஒரே பொருளில் கேட்பதில்லை. ஒருவருக்கு அது சோகம். இன்னொருவருக்கு மதுக்கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் கதாநாயகன். வேறொருவருக்கு உண்மையில் வேண்டியது சாக்ஸபோன், அதற்கு பட்ஜெட் இல்லாததால் கிட்டார். அவரவர் மனதில் இருப்பது அவரவருக்குச் சரி. ஆனால் வாசிக்கிறவனைப் பொறுத்தவரை அந்தச் சொல் விரலுக்கு இடப்படும் கட்டளை. எந்தச் சுரத்தை எவ்வளவு தள்ளுவது, எவ்வளவு பிந்தி வருவது, எங்கே வாசிக்காமல் சும்மா இருப்பது என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. "சோகமா வாசி" என்று சொன்னால் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ப்ளூஸ் வேறு, ப்ளூஸி வேறு. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'பேட்மேன்' தொடரின் முகப்பு இசை பலருக்கும் நினைவிருக்கும். நீல் ஹெஃப்டி அமைத்தது. அதன் சட்டகம் அச்சு அசலான 12 பார் ப்ளூஸ். கிளென் மில்லரின் குழு 1939இல் பதிவு செய்த 'இன் தி மூட்' பாட்டின் முதன்மை மெட்டும் அப்படித்தான். இலக்கணப்படி இரண்டும் ப்ளூஸ். ஆனால் இவற்றைக் கேட்டுவிட்டு "ஆகா, எவ்வளவு ப்ளூஸி!" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதற்கு நேர் எதிரே நிற்கிறார் பிளைண்ட் வில்லி ஜான்சன். டெக்சஸ் மாநிலத்துக்காரர், கண் பார்வையற்றவர், தெருமுனைகளில் கிட்டாரோடு நின்று வேதம் பாடியவர். ப்ளூஸ் என்பது பேயின் பாட்டு என்று தேவாலயத்துக்காரர்கள் ஒதுக்கிவைத்த காலம் அது. அவர் பதிவு செய்த பாடல்கள் எல்லாம் பக்திப் பாடல்கள்தான். 1927 டிசம்பரில் டல்லஸ் நகரில் 'டார்க் வாஸ் தி நைட், கோல்ட் வாஸ் தி கிரவுண்ட்' என்ற ஒன்றைப் பதிவு செய்தார். பழைய ஆங்கிலத் துதிப்பாடல் ஒன்றிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டாரே தவிர, வார்த்தை ஒன்றுகூடப் பாடவில்லை. முனகலும் ஹும்காரமும், அதை நிழல்போலத் தொடரும் ஸ்லைடு கிட்டாரும் மட்டுமே. 12 பார் கிடையாது, காதல் முறிவு கிடையாது, விஸ்கி கிடையாது. பெயர்ச்சொல்லாக அது ப்ளூஸ் ஆகாது. பெயரடையாகச் சொல்வதென்றால் அதைவிட ப்ளூஸியான மூன்று நிமிடங்களை நான் கேட்டதில்லை. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் அதுவும் இடம்பெற்றது. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் அந்த முனகல் போய்க்கொண்டிருக்கிறது.

ஆக, சட்டகம் இருந்தும் அந்தக் குணம் இல்லாமல் போகலாம், சட்டகம் இல்லாமலே அந்தக் குணம் முழுக்க இருக்கலாம். இருந்தாலும் அந்தச் சட்டகத்தைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் குணத்தைப் பிடிக்க முடியாது என்பது என் அனுபவம். சட்டகம் எளிமையானது. ஒரு பாருக்கு நான்கு அடி, மொத்தம் 12 பார், 48 அடிகள். நம் கணக்கில் ஆறு ஆதி தாள ஆவர்த்தனம். முதல் நான்கு பார் ஆதாரக் கார்டு, அடுத்த இரண்டு நான்காவது கார்டு, மறுபடி இரண்டு ஆதாரம், பிறகு ஐந்தாவது, நான்காவது, கடைசி இரண்டு பார் வீடு திரும்பல். பாட்டு மூன்று வரி. முதல் வரியையே இரண்டாவது முறையும் பாடுவார்கள், மூன்றாவது வரி அதற்கு விடை சொல்லும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார் இடம் இருந்தாலும் வரி ஏறக்குறைய இரண்டு பாரில் முடிந்துவிடும். மீதி இரண்டு பார் வாத்தியத்துக்கு. இந்தக் காலி இடத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இந்தச் சட்டகத்தையும் மதிக்காதவர்கள் உண்டு. ஜான் லீ ஹூக்கர் 1948இல் டெட்ராய்ட்டில் பதிவு செய்த 'பூகி சில்லன்' பாட்டில் கார்டு மாறுவதே இல்லை. ஒரு கிட்டார், ஒரு குரல், தரையைத் தட்டும் கால், அவ்வளவுதான். மறு வருடம் அது அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. மற்ற பாட்டுகளிலும் அவர் பதினொன்றரை பாரில் மாறுவார், பதின்மூன்றில் மாறுவார், மனம் எப்போது சொல்கிறதோ அப்போது மாறுவார். உடன் வாசிப்பவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி விரலுக்கு வருவோம். என் வேலையில் முக்கால்வாசி காந்தாரத்தில் இருக்கிறது.

கிட்டாரில் 'ஏ' சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது ஃப்ரெட்டில் கையை வைத்தால் எல்லா கிட்டார் வகுப்பிலும் முதலில் சொல்லித்தரும் மைனர் பென்டடானிக் ஸ்கேல் விரலுக்கடியில் கிடைக்கும். கச்சேரி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்: "சார், இது சுத்த தன்யாசி." ஆமாம். ஸட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அதே ஐந்து சுரங்கள். அடுத்த கேள்வியும் உடனே வரும்: "அப்ப சுத்த தன்யாசி வாசிச்சா ப்ளூஸ் ஆயிடுமா சார்?"

ஆகாது. காரணம் மேலே வாசிக்கும் சுரத்தில் இல்லை, கீழே ஒலிப்பதில் இருக்கிறது. சுத்த தன்யாசிக்குக் கீழே தம்புரா. மீட்டுவது ஸட்ஜமும் பஞ்சமமும். (நல்ல தம்புராவில் அந்தர காந்தாரம் தானாகவே மெலிதாகக் கேட்கும் என்பது உண்மைதான். அதை யாரும் மீட்டிக் காட்டுவதில்லை.) அவற்றின்மேல் சாதாரண காந்தாரம் எந்தச் சண்டையும் இல்லாமல் உட்காரும். ப்ளூஸில் கீழே ஒலிப்பது ஏ செவன்த் கார்டு. அதில் அந்தர காந்தாரம் அழுத்தமாகவே இருக்கிறது. கீழே பெரிய காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்க, மேலே பாடுகிறவர் சின்ன காந்தாரத்தைக் கொண்டுவந்து அதன்மேல் வைக்கிறார். கச்சேரி மேடையில் இரண்டு காந்தாரங்கள் ஒரே நொடியில் ஒலித்தால் பக்கவாத்தியக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். ப்ளூஸில் அந்த உரசலைத்தான் எல்லாரும் தேடி வருகிறார்கள்.

கார்டிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் செவன்த் கார்டு என்பது முடியாத வாக்கியம். அது வந்தால் அடுத்து வீட்டுக்குப் போயாக வேண்டும் என்பது விதி. ப்ளூஸில் வீடே செவன்த் கார்டுதான். ஆரம்பிப்பதும் அதில், முடிப்பதும் அதில். பாட்டு முடிந்த பிறகும் ஏதோ பாக்கி இருப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மூன்றாவது தந்தி, ஐந்தாவது ஃப்ரெட். அங்கே இருப்பது 'சி', நமக்கு சாதாரண காந்தாரம். ஆள்காட்டி விரலால் அழுத்தி, தந்தியைத் தரைப் பக்கமாக ஒரு நூலளவு இழுக்க வேண்டும். அடுத்த ஃப்ரெட்டின் சுரம் வரை போய்விடக் கூடாது. போய்விட்டால் அது மேஜர், பளிச்சென்று சிரிக்கும். இழுக்காமல் விட்டால் மைனர், தட்டையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில், கிளம்பினது கிளம்பி வழியில் நின்றுவிட்ட மாதிரி இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஃப்ரெட் கிடையாது, சுரம் காட்டும் ட்யூனர் கருவியில் முள் அங்கே நிற்காமல் தடுமாறும். காதுதான் சொல்ல வேண்டும்.

இதோடு முடியவில்லை. ஐந்தாவது பாரில் கார்டு டி செவன்த்துக்கு மாறுகிறது. இந்தக் கார்டுக்குள் 'சி' சுரம் ஏற்கெனவே ஓர் உறுப்பினர், அதன் ஏழாவது. ஆகவே அதே தந்தி, அதே ஃப்ரெட், அதே விரல்தான், ஆனால் இப்போது இழுக்கவே கூடாது. நேராக நிறுத்த வேண்டும். நான்காவது பார் வரை உரசிக்கொண்டிருந்த சுரம், ஐந்தாவது பார் தொடங்கிய கணத்தில் சொந்த வீட்டில் உட்கார்ந்துவிடுகிறது. ஏழாவது பாரில் ஆதாரக் கார்டு திரும்பியதும் மறுபடி இழுப்பு. புதிதாகக் கற்பவர் வாசிப்பில் இந்த வித்தியாசம் தெரிகிறதா என்றுதான் நான் முதலில் கவனிப்பேன். எத்தனை வேகமாக வாசிக்கிறார் என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

கமகம் பழகிய கைக்கு இந்த இழுப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். ஆனால் கூடவே ஒரு தொல்லையும் வரும். தோடி காந்தாரத்தில் பழகிய விரல் ஓரிடத்தில் நில்லாது, ஆட்டிவிடும். ஆட்டினால் ப்ளூஸ் போய்விடும், வேறெங்கோ ஒரு ஆலாபனை தொடங்கிவிடும். வீணை கற்றுவிட்டு கிட்டாருக்கு வருபவர்களிடம் "இழுங்க, ஆனா ஆட்டாதீங்க" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காந்தாரம் எப்படி நிற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் பதிவு 1925 ஜனவரியில் பெஸ்ஸி ஸ்மித் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. டபிள்யூ.சி. ஹேண்டி 1914இல் வெளியிட்ட பாட்டு. பெஸ்ஸி ஸ்மித்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு கார்னெட் ஊதுபவர் இருபதுகளில் இருந்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். கீழே கார்டு பிடித்துக்கொண்டிருப்பது, நம்புங்கள், ஆர்மோனியம். ஃப்ரெட் லாங்ஷா வாசித்தது. ஆர்மோனியத்தின் சுரம் இப்படி அப்படி அசையாது என்பது நமக்குத் தெரியும். அசையாத அந்தச் சுரத்தைக் கீழே வைத்துக்கொண்டு அந்த அம்மாள் தன் சுரத்தை எங்கே வைக்கிறார் என்று கேளுங்கள். அளவுகோலை வைத்துக் கோணல் பார்ப்பதுபோல அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

தந்தி இழுக்க முடியாத வாத்தியக்காரர்கள் என்ன செய்வார்கள்? பியானோவில் நடுவில் இருக்கும் சுரத்துக்குக் கட்டை இல்லை. அதனால் சின்ன காந்தாரக் கட்டையையும் பெரிய காந்தாரக் கட்டையையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நசுக்குவார்கள். சின்னதைத் தொட்டு, விரல் வழுக்கிப் பெரியதில் விழும். காது இரண்டையும் கூட்டி நடுவில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளும். மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் ஐந்து உருப்படிகள். நான்கில் பியானோ பில் எவன்ஸ். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்ற ஒன்றில் மட்டும் வின்டன் கெல்லி. அதுதான் அந்த ஆல்பத்தில் நேரடியான 12 பார் ப்ளூஸ். முதல் தனியும் கெல்லிக்குத்தான். எவன்ஸ் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை, அவர் மேதை. ஆனால் கெல்லியின் விரல் வழுக்கி விழும் அந்த விதத்தைக் கேட்டால், ஒரே ஒரு உருப்படிக்காக மைல்ஸ் ஏன் ஆளை மாற்றினார் என்பது விளங்கிவிடும்.

மவுத் ஆர்கன் கதை இன்னும் சுவாரசியம். ஹோனர் நிறுவனம் 1896 முதல் செய்துவரும் 'மரைன் பேண்ட்' மாடலில் ஊதினால் மேஜர் கார்டு வரும். ஜெர்மன் நாட்டுப்புற மெட்டுகளுக்காகச் சுருதி சேர்க்கப்பட்ட வாத்தியம். அமெரிக்கக் கறுப்பர்கள் அதை ஊதுவதைக் குறைத்து, மூச்சை உள்ளே இழுத்து வாசித்தார்கள். சி சுருதி ஆர்கனில் இரண்டாம் துளையிலிருந்து ஐந்தாம் துளை வரை உறிஞ்சினால் ஜி, பி, டி, எஃப் கிடைக்கும். அதாவது சொல்லிவைத்தாற்போல் ஒரு செவன்த் கார்டு. அதில் மூன்றாம் துளைதான் காந்தாரம். நாக்கைப் பின்னால் இழுத்து மூச்சின் போக்கை வளைத்தால் அந்தச் சுரம் கீழே சாயும், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஐரோப்பாவில் ஒரு காரியத்துக்குச் செய்த பொருளை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் வேறொரு காரியத்துக்கு வசப்படுத்திவிட்டார்கள். லிட்டில் வால்டர் 1952இல் 'ஜூக்' பதிவு செய்தபோது மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்துக் கையில் பொத்தி ஆம்ப்ளிஃபயரில் விட்டார். சாக்ஸபோன் அளவுக்கு அது பெருத்துவிட்டது.

கிட்டாரில் ஃப்ரெட்டை ஏமாற்ற இன்னொரு வழி, ஸ்லைடு. ஹேண்டி தன் சுயசரிதையில் எழுதியிருக்கும் சம்பவம் புகழ்பெற்றது. 1903 வாக்கில், மிசிசிப்பியில் டட்வைலர் என்ற சிறிய ஊரின் ரயில் நிலையத்தில், தாமதமான வண்டிக்குக் காத்திருந்து தூங்கிப்போனார். கிழிந்த உடையில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியைத் தந்திமேல் அழுத்திக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். ஹேண்டி முறையாக இசை கற்றவர், பேண்ட் நடத்தியவர். தான் கேட்டதிலேயே விசித்திரமான இசை என்று அவருக்குத் தோன்றியது. கத்திக்குப் பதிலாகப் பின்னாளில் பாட்டிலின் கழுத்தை உடைத்து விரலில் மாட்டிக்கொண்டார்கள். நான் பயன்படுத்துவது கடையில் வாங்கிய கண்ணாடிக் குழாய், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பி.பி. கிங்குக்கு ஸ்லைடு சரியாக வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய உறவினர் புக்கா வைட் ஸ்லைடில் கெட்டிக்காரர். அந்த ஒலியை வெறும் விரலால் எடுக்க முயன்று பி.பி. கிங் கண்டடைந்ததுதான் அவருடைய அசைவு. கட்டை விரலைக் கிட்டார் கழுத்திலிருந்து விடுவித்துவிட்டு, ஆள்காட்டி விரலை அச்சாக வைத்து, மணிக்கட்டை மட்டும் வேகமாகச் சுழற்றுவார். கை பட்டாம்பூச்சி படபடப்பதுபோல் தெரியும். இப்போதுதானே ஆட்டாதீர்கள் என்றாய் என்று கேட்பீர்கள். இந்த அசைவு வேறு ரகம். சுரத்தைத் தொட்டு, நிறுத்தி, அது சுருதியோடு சேர்ந்துவிட்டது என்று காதுக்கு உறுதியான பிறகே அசைவு தொடங்கும். தொடக்கத்திலேயே ஆட்டினால் பயந்த மாதிரி இருக்கும்.

அவரிடம் கற்க வேண்டிய பெரிய பாடம் இன்னொன்று. பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். நான் முன்னே சொன்ன அந்த இரண்டு பார் காலி இடம்தான் அவருடைய நிலம். வரியைப் பாடி முடித்து, மூச்சு விட்டு, பிறகு நான்கைந்து சுரத்தில் கிட்டார் பதில் சொல்லும். சில சமயம் ஒரே ஒரு சுரம். 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான நேரடிக் கச்சேரி ஆல்பத்தில், அந்த ஒற்றைச் சுரத்துக்குக் கூட்டம் எப்படிக் கத்துகிறது என்று கேட்கலாம். பேசிவிட்டு மற்றவர் பேசக் காத்திருக்கிற பண்பு அது. "ப்ளூஸியா வாசிங்க" என்று கேட்டுவிட்டு, பாடகர் பாடும் வரிக்கு மேலேயே என்னை வாசிக்கச் சொல்லும் இசையமைப்பாளர்களிடம் இதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குச் சுரம் வேண்டாம், எனக்கு இடம் கொடுங்கள்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பி.பி. கிங்கின் மிகப் பெரிய வெற்றி, 1969இல் வந்த 'தி த்ரில் இஸ் கான்', மைனர் ப்ளூஸ். கீழே இருப்பது பி மைனர். பெரிய காந்தாரமே இல்லை, ஆகவே உரசலும் இல்லை. அப்படியானால் என் காந்தாரக் கோட்பாடு என்னாவது? அங்கே முழு பாரமும் மற்ற இரண்டின்மேல் விழுகிறது: காத்திருப்பதிலும், சுரத்தைத் தாமதமாகக் கொண்டுவந்து வைப்பதிலும். அதனால்தான் மைனரில் ப்ளூஸியாக வாசிப்பது கடினம் என்கிறேன். பாதிப் பேர் அங்கே வாசிப்பது சோகப் பாட்டாகத்தான் முடிகிறது.

தாமதம் என்றேன். ப்ளூஸின் நடை திஸ்ரம். அடியை மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டைச் சேர்த்துப் பிடித்து மூன்றாவதைத் தட்டினால் ஷஃபிள் நடை வந்துவிடும். அது தாளக்காரரின் வேலை. அதன்மேல் வாசிக்கிறவர் அடி விழுந்த பிறகு, மயிரிழை பிந்தி வர வேண்டும். எத்தனை பிந்தி என்பதற்கு எண் சொல்ல முடியாது. பிந்துகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டால் அது தாளப் பிசகு. தெரியாமல் இருந்தால் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி ஒரு சுகம். ஒருமுறை ஒரு ஸ்டுடியோவில் இப்படி வாசித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். படம் வெளியானபின் கேட்டால் என்னுடைய ஒவ்வொரு சுரமும் அடிக்கு நேராக நிற்கிறது. எடிட் செய்த பையன் கம்ப்யூட்டர் திரையில் கோடு தப்பியிருப்பதைப் பார்த்து, எனக்கு உபகாரம் செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் கோட்டுக்குள் தள்ளிவிட்டிருக்கிறான். காந்தாரம் அதே காந்தாரம்தான், இழுப்பும் அதேதான். ஆனால் வங்கி விளம்பரம் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து டேக் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், "தம்பி, இதை நேராக்கிடாதப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

இனி சோகம். தமிழில் ப்ளூஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ஒப்பாரியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்பாரி இறந்தவருக்காக, இழவு வீட்டில், மாரடித்துப் பாடுவது. ப்ளூஸ் வளர்ந்தது சனிக்கிழமை இரவு ஆட்டத்தில். மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காடுகளில் வாரம் முழுக்க முதுகொடிய வேலை செய்தவர்கள், 'ஜூக் ஜாயின்ட்' என்று சொல்லும் தகரக் கொட்டகைகளில் கூடி, குடித்து, ஜோடி சேர்ந்து ஆடிய இசை அது. வரியில் துயரம் இருக்கும், இடுப்பு ஆடிக்கொண்டிருக்கும். அதே ஹேண்டி, மிசிசிப்பியில் கிளீவ்லாண்ட் என்ற ஊரில் தன் பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தபோது நடந்ததையும் எழுதியிருக்கிறார். கூட்டம் உள்ளூர்க்காரர்கள் மூவரை வாசிக்கச் சொன்னது. ஒரு கிட்டார், ஒரு மேண்டலின், ஒரு பழைய பாஸ். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அவர்கள் காலடியில் வெள்ளிக் காசுகள் மழையாகக் கொட்டின. ஹேண்டியின் குழு ஒரு முழு இரவுக்கு வாங்கும் கூலியைவிட அது அதிகம். சோகத்துக்கு அப்படிக் காசு கொட்டாது. ஆகவே ப்ளூஸியாக வாசி என்றால் அழு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. அழுகிறவனுக்கு இத்தனை நிதானம் வராது.

இந்தப் பெயரடை ப்ளூஸுக்கு வெளியேயும் தாராளமாகச் சுற்றுகிறது. 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் அரங்கேறிய கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' ஒரு கிளாரினெட்டின் ஊளையோடு தொடங்குகிறது. கெர்ஷ்வின் எழுதியிருந்தது தனித்தனிச் சுரங்களாக ஏறும் ஓட்டம். ஒத்திகையில் ராஸ் கார்மன் என்ற கிளாரினெட்காரர் வேடிக்கையாக அதை வழித்து இழுத்து ஊதினார். கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். ராவெல் தன் வயலின் சொனாட்டாவின் நடுப் பகுதிக்கு 'ப்ளூஸ்' என்றே பெயரிட்டார். இவை ப்ளூஸ் அல்ல என்று சண்டை போடுவது வீண், ப்ளூஸி என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பெயரடை இருப்பதே அதற்குத்தான். ஆனால் எல்லாரும் அதை வாழ்த்தாக எடுத்துக்கொள்வதில்லை. மாலி நாட்டின் அலி ஃபர்கா டூரேயை மேற்கத்தியப் பத்திரிகைகள் ஆப்பிரிக்க ப்ளூஸ்காரர் என்று எழுதின. அவருக்கு அது ஒப்பவில்லை. அது தன் மண்ணின் இசை, அமெரிக்காவில் இருப்பது அதன் கிளை என்பது அவர் கட்சி. வேரைப் பார்த்துக் கிளை மாதிரி இருக்கிறது என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

எனக்கே எரிச்சல் தரும் பயன்பாடும் உண்டு. தொண்டை கரகரத்த பாடகி யாராக இருந்தாலும் விமர்சனத்தில் 'ப்ளூஸியான குரல்' என்று எழுதிவிடுகிறார்கள். கரகரப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் வெண்கல மணி. கரகரப்பு சளியிலும் வரும்.

கடன் கணக்கு ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஆர்தர் க்ரூடப் 1946இல் பதிவு செய்த 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைத்தான் 1954இல் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் இசைத்தட்டில் பாடினார். எல்விஸ் என்னவானார் என்பது உலகத்துக்குத் தெரியும். க்ரூடப் தன் பாட்டுகளுக்கான ராயல்டிக்காகக் கடைசிவரை போராடி, கூலி வேலை செய்து வாழ்ந்து, 1974இல் இறந்தார். அமெரிக்கக் கறுப்பர்களின் வாசனையை மட்டும் எடுத்துத் தெளித்துக்கொள்ள இந்தப் பெயரடை வசதியாக இருந்துவிட்டது. நானும் அந்த வசதியில் சம்பாதிப்பவன்தான். வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஸ்கேலைச் சொல்லிக்கொடுக்கும் அன்றே இந்தப் பெயர்களையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

இதைப் படிக்கிற இசையமைப்பாளர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கிட்டார்காரரிடம் ப்ளூஸியாகக் கேட்கும்போது, கீபோர்டில் மைனர் போட்டு வைக்காதீர்கள், ஒரு செவன்த் கார்டைப் போட்டுவிடுங்கள். பாடகர் வரியை முடித்ததும் இரண்டு பார் காலியாக விடுங்கள். அங்கே வயலின் கூட்டம் வேண்டாம். வாசித்து முடித்ததும் அதைக் கோட்டுக்குள் நேராக்க வேண்டாமென்று எடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மிச்சத்தை மூன்றாவது தந்தியில் அவர் பார்த்துக்கொள்வார்.